போத்தலுக்கும் காசு உண்டு: யாழ்ப்பாணம் சொல்லித் தரும் பாடம்



அண்மையில் நாங்கள் லயங்களைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, கான் ஓரத்தில் கிடந்தவற்றைக் கொஞ்சம் நின்று பார்த்தோம். சோடா போத்தல், சாராயப் போத்தல், ஷாம்பு பக்கற், தேய்ந்துபோன பற்றரி, உடைந்த பல்பு, மழைக்கு அடைத்துக்கொண்டு நின்ற ஷொப்பிங் பேக். இன்னொரு காம்பராவில் கண்டதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. களைநாசினி வந்த கலனைக் கழுவி அதில் குடிதண்ணி பிடித்து வைத்திருந்தார்கள். "நல்ல கலன் ஐயா, வீசிறதுக்கு மனசு வரல்ல" என்றார் அந்த அம்மா.

வீசக்கூடாததை வீசுகிறோம், வீட்டுக்குள் வைக்கக்கூடாததை வைத்துக்கொள்கிறோம். எதைத் திரும்பப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது, அதற்கு ஆகும் செலவு யாருடையது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஜாம் போத்தல் விளக்கு

யாழ்ப்பாணக் குடாநாடு நமக்குத் தூரத்து ஊர் அல்ல. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்ம சொந்தங்கள் பலர் வடக்கே போய் வன்னியில் குடியேறினார்கள். யாழ்ப்பாணத்துக் கடைகளில் வேலை செய்த பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எனப் பல சாமான்களுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது அங்குள்ள சனங்கள் ஜாம் போத்தலை விளக்காக்கினார்கள். காற்றுக்கு அணையாமல் கண்ணாடி மறைக்கும், சொட்டு எண்ணெயில் இரவு ஓடும். அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர். சைக்கிள் சில்லைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டார்கள். காரும் மோட்டார் சைக்கிளும் நாலு சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். காயப்போட்ட உடுப்பை மாடு நக்க வரும் என்று இன்றைக்கும் சிரித்துச் சொல்வார்கள்.

அந்த நாளில் ஒரு வெறும் போத்தலைக்கூட யாரும் தெருவில் எறியவில்லை. காரணம் எளிது: போத்தலுக்குப் பெறுமதி இருந்தது. இது பெருமைப்பட மட்டும் சொல்லும் கதை அல்ல. பட்டினியும் பயமும் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் அது. அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டாம், ஆனால் பாடத்தை மறக்கவும் வேண்டாம்.

கிணறு கெட்டால்

பாதை திறந்தபின் சாமான்கள் வந்தன, கூடவே பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் வந்தன. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதில் ஊறி நிற்கிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறார்கள். மேலே கொட்டியது விரைவில் கீழே இறங்கிவிடும்.

சுன்னாகத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. அங்கு இயங்கிய மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்துவிட்டது. சனங்கள் குடிதண்ணிக்குப் பவுசரை எதிர்பார்த்து நிற்க வேண்டி வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி 2019ஆம் ஆண்டு அந்த மின் கம்பனிக்கு உத்தரவிடப்பட்டது. அழுக்காக்கியவரே செலவையும் கட்ட வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம்ம மலையில் கிணறு குறைவு, பீலித்தண்ணியும் ஓடையும்தான். நாம் கானில் எறிவது ஓடைக்குப் போய், மகாவலிக்கும் களனிக்கும் போய்ச் சேர்கிறது. கீழே குடிப்பவனும் நம்மைப் போலப் பிள்ளை குட்டிக்காரன்தான்.

செலவு யாருடையது?

பழைய பொருளைச் சேர்க்க, பிரிக்க, ஏற்றி இறக்க, உருக்கிப் புதிதாக்க எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். உலகத்தில் அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, முற்பணம். பொருளை வாங்கும்போது போத்தலுக்கென்று ஒரு தொகை கட்டுகிறோம், வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். கண்ணாடிச் சோடாப் போத்தலுக்குக் கடையில் காசு கட்டிவைத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஜேர்மனியில் 2003ஆம் ஆண்டு முதல் பிளாஸ்டிக் போத்தலுக்கும் தகரப் பேணிக்கும் 25 சதம் முற்பணம் உண்டு.

இரண்டாவது, வாங்கும்போதே கட்டும் மீள்சுழற்சிக் கட்டணம். சுவிற்சர்லாந்தில் ஒரு தொலைக்காட்சியோ மின் அடுப்போ வாங்கினால் அதன் விலையிலேயே இந்தக் கட்டணம் அடங்கியிருக்கும். பழுதானபின் கடையில் இலவசமாகத் திருப்பி எடுப்பார்கள்.

மூன்றாவது, குப்பைக்குக் கட்டணம். அதே நாட்டில் பல ஊர்களில் கட்டணம் கட்டிய பையில்தான் குப்பை போட வேண்டும். ஆகவே போத்தலையும் கடதாசியையும் வேறாகப் பிரிப்பவருக்குச் செலவு குறைவு.

நம்ம நாட்டில் 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் ஷொப்பிங் பேக் இலவசம் இல்லை. இது முற்பணம் அல்ல, பையைத் திருப்பிக் கொடுத்தாலும் காசு வராது. பையின் பாவனையைக் குறைக்க வந்த கட்டணம் இது. தப்பிக்க ஒரே வழி, சம்பள நாளில் துணிப்பையோடு கடைக்குப் போவதுதான்.

நீலகிரியில் நம்ம சொந்தங்கள்

1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியா போனவர்களில் பலர் நீலகிரித் தேயிலை மலைகளில் குடியேறினார்கள். அந்த மலையில் எறியப்பட்ட சாராயப் போத்தல்கள் உடைந்து யானையின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் போத்தலுக்கு 10 ரூபா கூடுதலாக வாங்கி, வெறும் போத்தல் வந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் இந்தத் திட்டம் போனது.

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். நம்ம தோட்டத்திலும் போத்தலுக்கு 10 ரூபா முற்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 காம்பரா உள்ள ஒரு லயம், வீட்டுக்கு மாதம் 4 போத்தல், மொத்தம் 96 போத்தல். திருப்பிக் கொடுத்தால் 960 ரூபா வரும். கொடுக்காவிட்டால் அந்த 960 ரூபாவும் கானுக்குள் கிடக்கும், கொழுந்து எடுக்கப் போகும் அம்மாவின் காலையும் கிழிக்கும். முற்பணம் இல்லாவிட்டாலும், பழைய சாமான் வாங்க வருபவர் தகரம், இரும்பு, அட்டைப்பெட்டி ஆகியவற்றுக்குக் காசு கொடுக்கிறார். லயத்துக்கு ஒரு சாக்கு வைத்துச் சேர்த்து, வரும் காசில் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. மரக்கறித் தோல், தேயிலைச் சண்டு, சாம்பலைக் குழியில் போடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு நல்ல பசளை.

2. கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி வேறாக வையுங்கள். தண்ணி தேங்க விட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

3. பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் அடுப்பில் எரிக்க வேண்டாம். அந்தப் புகையில் நஞ்சு உண்டு. காம்பராவில் முதலில் அதைச் சுவாசிப்பது கைக்குழந்தைதான்.

4. பற்றரி, சி.எப்.எல். பல்பு, ரியூப் லைட்டை உடைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அந்தப் பல்புகளில் பாதரசம் இருக்கிறது. பிள்ளைகள் எடுக்காத இடத்தில் சேர்த்து வையுங்கள்.

5. மருந்துக் கலனை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு பிளாஸ்டிக்கில் ஊறி இருக்கும். மூன்று முறை அலசி, அந்தத் தண்ணியை மருந்துத் தாங்கியிலேயே ஊற்றி, கலனைத் துளையிட்டு ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். தண்ணிக் கலன் இல்லாத வீட்டார் எங்களிடம் வந்து சொல்லுங்கள். இல்லாத குறைக்காக நஞ்சில் குடிக்க வேண்டாம்.

முதலில் சொன்ன அம்மாவின் மனசு தப்பில்லை. ஒரு பொருளை வீசத் தயங்கும் மனசுதான் யாழ்ப்பாணத்தில் விளக்கு ஏற்றியது. ஜாம் போத்தல் எது, நஞ்சுக் கலன் எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவும் அதோடு சேர வேண்டும்.

பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்

1. நம்ம லயத்தில் ஒரு வாரத்தில் எத்தனை போத்தல் சேர்கிறது?

2. முற்பணத்துக்கும் ஷொப்பிங் பேக் கட்டணத்துக்கும் என்ன வித்தியாசம்?

3. ஓடையை அழுக்காக்கினால் அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? யார் கட்ட வேண்டும்?