காம்பைப் பாருங்கள், கதையைக் கேட்காதீர்கள்

வந்தவாசியில் பழைய இரும்பு எது கிடைத்தாலும் அதற்கு ஒரே பிறந்தநாள்தான்: 1760 ஜனவரி 22. அன்றுதான் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் இங்கே மோதின. துருப்பிடித்த கதிர் அரிவாள்கூட லாலியின் இடுப்பிலிருந்து நழுவி விழுந்ததாகிவிடும். "லல்லி தொர கத்தி சார், தாத்தா காலத்துலேர்ந்து வூட்லயே கெடக்குது" என்று ஒருவர் என்னிடம் நீட்டியது நாடகத்துக்காக அடித்த தகட்டு வாள். வாளை விற்க வருகிறவர் முதலில் விற்பது கதையைத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இங்கே எழுதப்போவது ஜப்பானிய வாள்களைப் பற்றி. வந்தவாசிக்கும் ஜப்பான் வாளுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். வடஆற்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் போகாத கிராமத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் நின்றவர்களில் தமிழர்கள் பலர். 1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது அதன் அதிகாரிகள் இடுப்பு வாளைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கைமாறிய வாள்கள் ரெஜிமென்ட் மெஸ் சுவர்களுக்குப் போயின, சில பெட்டிக்குள் படுத்து வீடுகளுக்கும் வந்தன. தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் அப்படி ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துவந்து, "மாமா, இது எவ்வளவு போகும்?" என்றான். விலை கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

பிடியைக் கழற்றிக் காம்பைப் பாருங்கள். ஆரணியில் பட்டுப்புடவை எடுக்கும் அம்மாக்கள் முந்தானையைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார்கள். மேல்பக்கம் கடைக்காரருக்கு, அடிப்பக்கம் நமக்கு. ஜப்பானிய வாளுக்கும் அப்படி ஓர் அடிப்பக்கம் உண்டு. பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பை அவர்கள் 'நகாகோ' என்பார்கள். ஒரு மூங்கில் ஆணிதான் பிடியையும் காம்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். கழற்ற விடாத வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

காம்பில் முதலில் பார்க்க வேண்டியது துரு. நூற்றாண்டுகள் கண்ட துரு கருப்பும் பழுப்பும் கலந்து வழவழப்பாக இருக்கும்; விரலால் தடவினால் ஒட்டாது. செம்மண் நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது நேற்றைய துரு. அமிலம் ஊற்றி வரவழைத்த துரு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பூத்திருக்கும். உண்மையான வயது அப்படிச் சீராக வராது. அடுத்தது கொல்லர் செதுக்கிய பெயர். எழுத்தின் பள்ளத்துக்குள் இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். உள்ளே மட்டும் வெளுத்திருந்தால் எழுத்து பிற்பாடு வந்தது. அரம் இழுத்த கோடுகளின் சாய்வையும் பாருங்கள்: ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு வழக்கம் உண்டு. காம்பில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். நீண்ட பழைய வாளை அடிப்பக்கம் குறைத்து, புதிதாகத் துளை போட்டுப் பிற்காலத்தார் பயன்படுத்தியிருப்பார்கள். அப்படிக் குறைத்ததில் பெயரே போய்விட்ட உயர்ந்த வாள்களும் உண்டு.

பிறகு உருவம். நம்மவர்கள் நேரே வாயின் கூரைத்தான் பார்ப்பார்கள். பழகியவர்கள் வாளை நிமிர்த்திப் பிடித்து வளைவு எங்கே விழுகிறது, அடியிலிருந்து நுனிக்கு அகலம் எப்படிக் குறைகிறது, முதுகு எவ்வளவு தடிமன் என்று பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடுவார்கள். குதிரைமேல் இருந்து வீசிய காலத்து வளைவு வேறு, தரையில் நின்று உருவிய காலத்து வளைவு வேறு. ஒரு ஷாக்கு என்பது 30.3 செ.மீ. அலகு இரண்டு ஷாக்கைத் தாண்டினால் கதானா, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே வாகிசாஷி, அதற்கும் கீழே தாந்தோ.

ஒற்றை பல்பின் கீழே பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா வாளும் ஒரே வாள்தான். ஜப்பானியக் கொல்லர் அலகின்மேல் களிமண் பூசி, வாய்ப்பக்கம் மெலிதாகவும் முதுகுப்பக்கம் கனமாகவும் விட்டு, காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் கொடுப்பார். வாய் சட்டென்று குளிர்ந்து இறுகிவிடும். முதுகு மெல்லக் குளிர்ந்து மிருதுவாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் 'ஹமோன்' என்னும் அலைக்கோடு. ஒரு பல்பை நோக்கி வாளைச் சாய்த்துக்கொண்டே வந்தால், உண்மையான கோட்டில் பனிமூட்டம் போல ஒரு வெண்மையோ மணல் மினுங்குவது போலச் சிறு பொட்டுகளோ தெரியும், சாய்வு மாறினால் மறையும். அமிலத்தில் வரைந்த பொய்க்கோடு எந்தப் பக்கம் திருப்பினாலும் சுண்ணாம்புக் கோடு மாதிரி அப்படியே நிற்கும். ஒரு எச்சரிக்கை: மெருகிடுகிறவர்கள் நல்ல வாளிலும் அழகுக்காக அந்த ஓரத்தை வெளுப்பாக்கி விடுவார்கள். அந்த வெளுப்பைத் தாண்டி உள்ளே பார்க்கக் கண் பழக வேண்டும்.

குறைகளை வகை பிரியுங்கள். எல்லாக் குறையும் ஒன்றல்ல. வாயிலிருந்து முதுகை நோக்கி ஏறும் மயிரிழை விரிசல் ('ஹாகிரே') இருந்தால் கும்பிடு போட்டுத் திரும்பிவிடுங்கள். அந்த வாள் முடிந்தது. அலைக்கோடு நுனிக்குள் போய் முதுகுப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் ஓரத்தோடு நழுவி வெளியே போயிருந்தால், நுனி என்றோ உடைந்து பிற்பாடு தீட்டியது என்று அர்த்தம். தீ விபத்தில் சிக்கித் தோய்ச்சலை இழந்து, மறுபடி தோய்ச்சல் கொடுத்த வாளும் பாதி மதிப்புக்குத் தேறாது. ஆனால் இரும்பின் ரேகையோடு ஓடும் சிறு திறப்பு, ஒரு கொப்புளம், 600 வருடத்து வாளில் இருந்தால் மன்னிக்கலாம். அதே குறை போன நூற்றாண்டு வாளில் இருந்தால் மன்னிக்க வேண்டியதில்லை. வயதுக்கேற்ற குறை என்று ஒன்று உண்டு, மனிதருக்குப் போலவே.

பட்டாளத்து வாளை அடையாளம் காணுங்கள். நம் பக்கம் வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகையாகத்தான் இருக்கும். 1935-இல் வந்த 95-ஆம் மாதிரி, அதிகாரி அல்லாதவர்களுக்கு ஆலையில் செய்தது. பிடியே உலோக வார்ப்பு. நூல் சுற்றியது போல அச்சு விழுந்திருக்கும், அலகில் வரிசை எண் இருக்கும். அது போர்ச் சின்னம், கலைவாள் அல்ல. 1934-இலும் 1938-இலும் வந்த அதிகாரி வாள்களில்தான் சூதாட்டம். வெளியே உறையும் பிடியும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஆலை அலகும் இருக்கலாம், வீட்டில் தலைமுறையாக இருந்த 400 வருடத்து அலகும் இருக்கலாம். ஜப்பானிய அதிகாரிகள் பலர் தாத்தாவின் வாளுக்கு அரசாங்க உறை மாட்டித்தான் போருக்குப் போனார்கள். அதனால்தான் மறுபடி சொல்கிறேன், பிடியைக் கழற்றுங்கள். காம்பில் ஷோவா முத்திரையோ செக்கி ஊர் முத்திரையோ இருந்தால் பெரும்பாலும் அது மரபுப்படி அடித்ததாக இருக்காது. நட்சத்திர முத்திரை இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். ராணுவம் அங்கீகரித்த மரபுக் கொல்லர்களின் அடையாளம் அது.

பையன் கொண்டுவந்ததைக் கழற்றினோம். செக்கி முத்திரை. அவன் முகம் விழுந்துவிட்டது. தாத்தா கொண்டுவந்தது என்பதற்காக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த ஒரு கதைதான் அதில் பொய்யில்லாதது.

சான்றிதழ் இருந்தால் வாளோடு வைத்து ஒப்பிடுங்கள். 1948-இல் டோக்கியோவில் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் கொடுக்கும் தாள்களுக்குத்தான் சந்தையில் மரியாதை. ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என நான்கு படிகள். தாளில் உள்ள காம்பின் படத்தையும் கையில் உள்ள காம்பையும் துளைக்குத் துளை ஒப்பிட வேண்டும். வேறு வாளின் தாளை இதற்கு மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போதைய முறை வருவதற்கு முன் கொடுத்த பழைய பச்சைத் தாளைக் காட்டினால் அதை நம்பிப் பணம் எண்ணாதீர்கள்.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியோடு வாளும் வருகிறது. உங்கள் பகுதிக்கு என்ன விதி என்று காவல் நிலையத்தில் கேட்பதில் வெட்கமில்லை. 100 வயது தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தால் அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, விற்பவருக்கு உரிமம் வேண்டும். நிலத்தை உழும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை

காம்பைச் சுத்தம் செய்யாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். புளி, எலுமிச்சை, செங்கல் தூள் என்று குத்துவிளக்குக்குச் செய்யும் எதுவும் வாளுக்கு ஆகாது. காம்பின் துருதான் அதன் ஜாதகம். அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால் 1400-இல் பிறந்ததா 1940-இல் பிறந்ததா என்று சொல்ல சாட்சி இல்லை.

சாணை பிடிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். தெருவில் சக்கரத்தை மிதித்துக்கொண்டு வருகிறவர் அரிவாள்மனைக்கு நல்லவர். ஜப்பானில் வாளுக்கு மெருகிடுவது தனித் தொழில். கற்கள் ஒன்றின்பின் ஒன்றாக மாறும், வாரக்கணக்கில் வேலை நடக்கும், கூலி நீளத்தைக் கணக்கிட்டு. அவர்களே தேவையில்லாமல் தீட்டமாட்டார்கள். ஒவ்வொரு மெருகிலும் மேல்தோல் கொஞ்சம் போகிறது. பலமுறை தீட்டிய வாளில் உள்ளே இருக்கும் மட்ட இரும்பு திட்டுத்திட்டாக எட்டிப் பார்க்கும். அதற்காக ஆலை வாளைப் பார்சல் கட்டி ஜப்பானுக்கு அனுப்பிவிடாதீர்கள். மரபுப்படி செய்யாத வாளை அங்கே பதிவு செய்ய முடியாது. பதிவில்லாததை வைத்திருக்கவும் முடியாது. திரும்பி வராது.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காதீர்கள். சாமி குற்றமாகிவிடும் என்று வீட்டில் சொன்னால் உறைக்கு வையுங்கள். சந்தனத்தின் ஈரம் காய்வதற்குள் அலகில் கறை இறங்கிவிடும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் பூசுவதும் வேண்டாம். நாளானால் பிசுபிசுத்து இறுகிப்போகும். தையல் மிஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய், மெத்தென்ற துணி, மிக லேசான ஒரு பூச்சு போதும். வெறும் விரலால் அலகைத் தொடாதீர்கள், அதன்மேல் குனிந்து பேசவும் பேசாதீர்கள். நம் வியர்வையும் எச்சிலும் உப்பு.

வெட்டிப் பார்க்காதீர்கள். இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் வாள்வீச்சுப் பழகுகிறவர்கள் கோரைப்பாய் போன்ற பாயை நனைத்துச் சுருட்டி நிறுத்தி வெட்டுவார்கள். வீடியோவில் அதைப் பார்த்தவர், வந்தவாசியில் பாய்க்கா பஞ்சம் என்று கிளம்பிவிடுவார். அந்தப் பழக்கம் புது வாளுக்கு. அந்தக் காலத்தில் தண்டனை பெற்றவர்களின் உடல்மேல் வெட்டிப் பார்த்து, முடிவைக் காம்பில் பொன்னெழுத்தில் பதித்தார்கள். அந்தப் பொன்னெழுத்திலும் போலி உண்டு.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் எதோ நகரில் இருந்த கொல்லர் கொதெட்சுவின் பெயரைக் கண்டால் முதலில் போலி என்றே நினை என்பது அங்கே பழமொழி மாதிரி. புகழ்பெற்ற கொல்லர் மாசாமுனே பெரும்பாலும் பெயரே போடவில்லை. ஆனால் அவர் பெயர் போட்ட வாள்களுக்குக் குறைவில்லை. நல்ல அலகில் பொய்ப் பெயர் இருந்தால் அலகுக்கு விலை கொடுங்கள், பெயருக்கு வேண்டாம். பெயரே இல்லாத நல்ல அலகு அதைவிட மேல். நம் நாட்டிலும் இந்த வியாபாரம் நடந்திருக்கிறது. தென்னிந்திய வாள்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுகள் ஏராளம். அவற்றில் 'ஆந்திரேயா பெராரா' என்ற பெயர் எழுத்துப் பிழையோடுகூட வெட்டப்பட்டிருக்கும். ஒரே ஆள் அத்தனை வாள் அடித்திருக்க முடியாது.

உள்ளூர் வாளை மட்டமாக நினைக்காதீர்கள். ஜப்பான் வாளுக்கு லட்சம் எண்ணுகிறவர் வீட்டுப் பரணில் கிடக்கும் பட்டாக்கத்தியை எடைக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். மூசையில் உருக்கிய எஃகுக்குத் தமிழ்நாடு பேர்போனது. கொடுமணலிலும் பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவளூரிலும் அதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகின் அலகில் நீரோட்டம் போன்ற ரேகை தானாக இருக்கும். 1855-இல் மன்னர் சிவாஜி மறைந்து தஞ்சை அரசு முடிந்தபின் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டபோது, பொறுக்கி எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சம் பழைய இரும்பாகப் போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

முதல் மாதமே வாங்காதீர்கள். வெறும் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். நான் அனுப்பியிருக்கிறேன். வந்தது வெளிநாட்டு நகல். வரிசை எண்கூட ஆழமில்லாமல் கீறியிருந்தது. அந்தப் பணத்தில் பத்து நல்ல புத்தகம் வாங்கியிருக்கலாம்.

கண் பழக வேண்டுமானால் உண்மையான இரும்பை நிறையப் பார்க்க வேண்டும். தஞ்சை ஆயுதங்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வந்தவாசியில் காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.