கடற்கரையில் ஒரு பாடம்

நெய்தல் நிலத்தைப் பாடிய பண்டைப் புலவர்கள் கடலைப் பரவை என்றும் ஆழி என்றும் வழங்கினர். பரந்து கிடப்பது பரவை, ஆழமுடையது ஆழி. இலக்கியம் பயிலும் நாம் இப்பெயர்களின் நயத்தைச் சுவைக்கிறோம். அப்பரப்பிலும் ஆழத்திலும் நிகழ்வன யாவை என்பதையும் நாம் அறிதல் வேண்டும். அஃது உயிர் காக்கும் அறிவுமாகும்.

அலையும் நீரும்

நாகூர்க் கடற்கரையில் மாலைப்பொழுதில் நின்று நோக்குவோம். அலைகள் நம்மை நோக்கி ஓடி வருகின்றன. அலை உடையும் இடத்திற்கு அப்பால் மிதக்கும் தேங்காய் நெற்று ஒன்றைக் கூர்ந்து பார்த்தால், அஃது அலையுடன் ஓடி வருவதில்லை. ஏறியும் இறங்கியும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே ஊசலாடுகிறது. வருவது நீரன்று, காற்று கடலுக்கு அளித்த ஆற்றலே வருகிறது. காற்று வீசும்போது நெற்கதிர்கள் நின்ற இடத்திலேயே சாய்ந்து நிமிர, அசைவு மட்டும் வயலைக் கடப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

இவ்வசைவு ஆழ்கடலின் அடிவரை செல்வதில்லை. இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவில் பாதியளவு ஆழத்திற்குக் கீழே அலையின் தாக்கம் பெரிதும் இராது.

வெப்பமும் காற்றும்

நண்பகலில் மணல் காலைச் சுடும். அருகிலுள்ள நீரோ குளிர்ந்திருக்கும். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த 1 கலோரி வெப்பம் வேண்டும். மணலுக்கு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே போதும். ஆதலின் பகலில் நிலம் விரைந்து சூடேற, அதன்மேலுள்ள காற்று விரிந்து எழுகிறது. கடலிலிருந்து குளிர்காற்று வந்து புகுகிறது. இரவில் நிலம் விரைந்து குளிர, காற்று கடல் நோக்கித் திரும்புகிறது. நிலக்காற்றில் பாய்விரித்துச் சென்று கடற்காற்றில் கரை மீண்ட மீனவர், இவ்விதியை ஏட்டில் படித்தவரல்லர், வாழ்வில் கற்றவர்.

ஒலியின் வழி

வைகறைப் பாங்கொலி நெடுந்தொலைவு தெளிவாகக் கேட்கிறது. ஊர் அடங்கியிருப்பது ஒரு காரணம். வெப்பம் மற்றொரு காரணம். ஒலி, குளிர்காற்றில் மெதுவாகவும் வெப்பக்காற்றில் விரைவாகவும் செல்லும். தெளிந்த இரவின் முடிவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேற்காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதால், ஒலி தரை நோக்கி வளைகிறது. நண்பகலில் இந்நிலை மாறி, ஒலி மேல்நோக்கி வளைந்து விடுகிறது.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 காலை ஏறத்தாழ 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடி நிலம் பெயர்ந்தது. அங்கு எழுந்தது காற்று எழுப்பும் அலையன்று. அடி முதல் மேற்பரப்பு வரை நீர் முழுவதையும் அசைத்த அலை. அத்தகைய அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். முன்பகுதி தளர, பின்பகுதி நெருங்கி, உயரம் பெருகுகிறது. தமிழகத்தில் நாகப்பட்டினம் மாவட்டமே அன்று மிகுதியான உயிர்களை இழந்தது.

அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவிலிருந்த டில்லி ஸ்மித் என்னும் 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்ற பாடத்தை நினைவுகூர்ந்து, கடலின் மாற்றம் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். அக்கரையிலிருந்தோர் வெளியேறி உயிர் பிழைத்தனர்.

இங்கு ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். கடல் பின்வாங்குவதே எப்போதும் முதல் அறிகுறி எனக் கருதலாகாது. அன்று தாய்லாந்துக் கரைக்கு அலையின் பள்ளம் முதலில் வந்தது. நம் கரைக்கு முகடே முதலில் வந்தது. ஓர் அலையோடும் அது முடிவதில்லை. இடையில் நீர் வடியும்போது கரைக்குத் திரும்புதல் பேரிடர். நில அதிர்ச்சி, வழக்கத்திற்கு மாறான பேரொலி, கடல் திடீரென ஏறுதல் அல்லது வடிதல், இவற்றுள் ஒன்றை உணர்ந்தாலும் உடனே மேட்டுநிலம் நோக்கிச் செல்ல வேண்டும். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையத்தின் அறிவிப்பையும் மதிக்க வேண்டும்.

பயன்தரும் கல்வியை, மனிதன் மறைந்த பின்னும் தொடரும் நற்செயலாகப் போற்றுவது நம் மார்க்கம். கற்ற இப்பாடத்தை வீட்டிலுள்ள சிறுவர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்போமாக!