வியர்வையும் உப்பும்

கோடையில் கபடி ஆடித் திரும்பும் மாணவர் முதலில் தேடுவது தண்ணீர்ப் பானையைத்தான். 50 கிலோ எடையுள்ள ஒருவர் 1 லிட்டர் நீரை வியர்வையாக இழந்தாலே ஆட்டத்தில் தளர்ச்சி தோன்றலாம். கடும் பயிற்சியில் அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

ஆயினும், நீர் மிகுவதும் தீங்கே. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்களுள் 488 பேரின் குருதியை ஆய்வாளர்கள் சோதித்தனர். அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியத்தின் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே இக்குறை மிகுதியாகக் காணப்பட்டது. 42 கிலோமீட்டர் ஓடியும் எடை கூடுமா? இழந்ததைவிட மிகுதியாகப் பருகினால் கூடும். அவ்வாறு குருதியில் உப்பு நீர்த்துப்போகும்போது, நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மண்டையோட்டுக்குள் அடங்கிய மூளைக்கோ வீங்க இடமில்லை. தலைவலி, குமட்டல், வலிப்பு எனத் தொடங்கி உயிருக்கே இடர் நேரலாம்.

தாகம் எடுக்கும்போது பருகுவதே பெரும்பாலோர்க்குப் போதுமானது. நெடுநேரம் வியர்த்தபின் உப்பிட்ட நீர்மோர் நல்லது. ஐயமிருப்பின், ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கலாம். குறைந்திருந்தால் சிறிது சிறிதாகப் பருகுக. கூடியிருந்தால் செம்பைக் கீழே வைத்துவிடுக.