பாணன் நடந்த வழி

சிறுபாணாற்றுப்படைத் தலைவன் நல்லியக்கோடனது கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊரேயாகும். சுற்றத்தோடு நடந்து வரும் பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என வழி வகுக்கும் நத்தத்தனார், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிட்டும் என்பதையும் உரைக்கிறார். ஆற்றுப்படுத்தல் என்பது நடப்போர் நலம் நாடுவதே அன்றோ?

இன்றோ விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடைபாதையைக் கடைகளும் வண்டிகளும் கவர்ந்துகொள்ள, மாணவியரும் முதியோரும் பேருந்துகளுக்கிடையே நடக்கின்றனர். நடைபாதையின் தடையற்ற அகலம் 1.8 மீட்டரேனும் வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை. இரு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து செல்லும் அளவு அது. சென்னைப் பாண்டி பஜார் 2019-இல் அகன்ற நடைபாதை பெற்றது.

விரைவோர்க்கு மட்டுமன்று, மெல்ல நடப்போர்க்கும் உரியது தெரு. ஆற்றுப்படை கண்ட மண் இதனை மறக்கலாமா?