பின்னத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பாதிப் பேர் நோட்டைத் திறப்பதே இல்லை. மாலையில் எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு வேறு. வேலையே வெறுத்துப்போகிறது. என்ன செய்வது?
– ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை

பதில்: சகோதரி, ஆர்வமில்லாத பிள்ளைகள் என்று முடிவு கட்டுமுன், வகுத்தல் தெரிகிறதா பாருங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய நம் தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த இடைவெளியில் வகுத்தலும் பின்னமும் விட்டுப்போன பிள்ளை, இயற்கணிதத்தின் முன் வாயடைத்துத்தான் உட்காரும். தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம், அதனால் அலட்சியம். வாரம் இரண்டு பீரியட் பின்னம் சொல்லிக்கொடுங்கள். போர்ஷன் பின்தங்கும், பரவாயில்லை. தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் சோர்வுக்கு நீங்கள் காரணமில்லை. பதிவேற்றும் வேலைக்குத் தனி ஆள் வேண்டும் என்று சங்கத்தில் உரக்கப் பேசுங்கள். இரவில் பள்ளி வாட்ஸ்அப் குழுவைத் திறக்காதீர்கள்.