கீழ்ப் பார்க்கிங்கை அடைக்கும் முன்

திருநின்றவூர் ஏரியை ஒட்டிய பெரியார் நகரில் 2015-லும் 2021-லும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் தூண் எழுப்பி, கீழே பார்க்கிங் விட்டு, மேலே குடியிருப்பது நல்ல முடிவு. ஆனால் இரண்டு வருடம் மழை குறைந்தால் போதும், ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்று ஹாலோ பிளாக் இறக்கிவிடுகிறோம். சாமான் வைக்க இடம் தேவைதான். அடைக்கலாம், தண்ணீர் வந்துபோக வழி விட்டு.

செய்ய வேண்டியவை

• வரைபடம் போட்ட பொறியாளரிடமும் நகராட்சியிலும் முதலில் கேளுங்கள். இந்த ஊர் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) எல்லைக்குள் வருகிறது. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, தூண்களுக்கு இடையே திறந்திருக்கும் பார்க்கிங் தளப்பரப்பில் சேராது. சுவர் வைத்து அறையாக்கினால் கணக்கு மாறிவிடும்.

• முடிந்தவரை கிரில், கம்பி வலை, ஜாலி இவற்றாலேயே அடையுங்கள். காற்றும் வரும், வெள்ளம் வடிந்ததும் சீக்கிரம் காயும். எலியும் பாம்பும் நுழையாதபடி வலைக்கண் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

• சுவர்தான் வேண்டும் என்றால் அதன் அடியில் திறப்புகள் விடுங்கள். வெளியே மூன்றடி தண்ணீர் நின்று உள்ளே காய்ந்திருந்தால், பத்தடி நீளச் சுவர்மேல் ஏறக்குறைய ஒன்றேகால் டன் அழுத்தம் விழும். நாலங்குல பிளாக் சுவர் அதைத் தாங்காது. உள்ளும் புறமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தால் அந்த அழுத்தமே இல்லை. அமெரிக்க வெள்ள விதிகளில் இதற்கு எளிய கணக்கு உண்டு: ஒரு சதுர அடி தரைக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, ஆறுக்குப் பத்து அங்குலத்தில் இரண்டு திறப்புகள் போதும். இரண்டும் வெவ்வேறு சுவரில் இருக்க வேண்டும். அவற்றின் அடிமட்டம் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகக்கூடாது. வலை போட்டால் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• சுவிட்ச் போர்டு, இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றுங்கள்.

• கடைசி வெள்ளம் நின்ற கறை தெரிந்தால், அதற்கு ஓரடி மேலே முதல் ரேக்கை அமையுங்கள்.

செய்யக்கூடாதவை

• தூணுக்குத் தூண் இடுப்பளவுச் சுவர் கட்டி, மேலே கிரில் வைக்காதீர்கள். பார்க்க அழகாக இருப்பதால் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். நிலம் அசையும்போது தூண் முழு உயரத்துக்கும் வளைந்துகொடுக்க வேண்டும். கீழ்ப்பாதியைச் சுவர் இறுக்கிப் பிடித்தால் மிச்சமுள்ள குட்டைத் துண்டு மட்டும் மொத்த விசையையும் வாங்கி வெடிக்கும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் கீழ்த்தளம் திறந்த அடுக்ககங்கள் பல சரிந்தன. அதைப் பார்த்துவிட்டு அரைச்சுவர் பலம் தரும் என்று நினைப்பது தவறு. 2002-இல் சென்னைப் பகுதியும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. சுவர் கட்டினால் தூணை ஒட்டி எவ்வளவு இடைவெளி விடுவது என்று பொறியாளரைக் கேளுங்கள்.

• சுவரைப் பிணைக்கத் தூணைக் கொத்தாதீர்கள். உள்ளே கம்பி வெளிப்பட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.

• கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கேன் வைக்காதீர்கள். கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்திலேயே தேங்கும்.

• சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி மேல் சாமான் அடுக்காதீர்கள்.

• பத்திரம், அரிசி மூட்டை, சிமென்ட் மூட்டை கீழே வேண்டவே வேண்டாம்.

• யாரையும் அங்கே படுக்கவைக்காதீர்கள். தொழிற்பேட்டை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் குறைந்த வாடகைக்கு விட ஆசை வரலாம். ராத்திரி ஏரித் தண்ணீர் திடீரென்று ஏறினால், வெளியே தேங்கும் தண்ணீர் கதவை அழுத்தித் திறக்கவிடாது. அந்த இடம் பொருளுக்கு மட்டும்.