பழைய காருக்குக் கிளட்ச் மாற்ற வேண்டிய நேரம் எது?

மாலை ஆறு மணிக்கு மேல் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இடது முழங்கால் வலி பழகியிருக்கும். முதல் கியர், பிரேக், நியூட்ரல், மறுபடி முதல் கியர். நெடுஞ்சாலையிலேயே ஓடும் காரில் லட்சம் கிலோமீட்டர் வரைகூடத் தாங்கும் கிளட்ச் பிளேட், இந்த நெரிசலில் அதில் பாதி தூரத்திலேயே தேய்ந்துவிடலாம். எங்கள் வீட்டில் இன்னும் ஒரு மாருதி 800 இருக்கிறது. அந்த மாடலின் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. அதை ஓட்டிக் கற்றுக்கொண்டவை இவை.

1. இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. சமதளத்தில் முதலில் தெரியாது, ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும். நாலு பேர் உட்கார்ந்து ஏ.சி. ஓடும்போது மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் காலியான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் நாலாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். நல்ல கிளட்ச் என்றால் வண்டி திணறினாலும் மெதுவாக வேகம் பிடிக்கும். தேய்ந்த கிளட்ச் என்றால் இன்ஜின் மட்டும் அலறும்.

2. வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் பிளேட்டில் இன்னும் பிடிப்பு இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டிய நேரம். ஒரு முறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மீதி பிளேட்டும் கருகும்.

3. பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். எங்கள் வண்டி ஸ்லிப் ஆனபோது ஒரு பட்டறையில் பார்த்த உடனே, "பிளேட் போச்சு சார், கியர் பாக்ஸ் இறக்கணும்" என்றார்கள். மனசு கேட்காமல் சேலையூரில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து பெடலை விரலால் அழுத்தினார். "ப்ளேயே இல்லையே தம்பி" என்றார். பெடலை அழுத்தத் தொடங்கும்போது, கிளட்ச் வேலை செய்வதற்கு முன் கொஞ்ச தூரம் லேசாக இறங்க வேண்டும். பிளேட் தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அது அறவே போய்விட்டால், நாம் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி அழுத்தியபடியே இருக்கும். ஸ்லிப் ஆகாமல் என்ன செய்யும்? கேபிள் முனையில் இருந்த நட்டைச் சில சுற்று தளர்த்தினார், சரியாகிவிட்டது. அதன் பிறகு எட்டு மாதம் ஓடியது. தளர்த்த மேற்கொண்டு இடமே இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் பிளேட்டை மாற்றினேன்.

4. கருகிய வாடை. பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸ் எடுத்த அன்று மட்டும் வந்தால் வண்டியை ஆறவிட்டால் போதும். தினமும் வந்தால் நாள் கடத்தாதீர்கள்.

5. பெடலை மிதிக்கும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நின்றால் அநேகமாக கியர் பாக்ஸ் பேரிங்.

6. கியர் விழவே மாட்டேன் என்கிறது, ரிவர்ஸ் போடும்போது கடமுடா என்கிறது என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்பதுதான் அதன் பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் ஆயில் கசிந்திருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மூழ்கிய வண்டிகளைப் போலத் தண்ணீரில் நின்ற காரில், பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

7. கியர் பாக்ஸை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கை விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் அதற்காக மறுபடியும் இறக்கினால் கூலி இரண்டு முறை. பிளேட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் வழுக்கும். ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்திருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ லேத்தில் கொடுத்துச் சீர் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். லைனிங் மட்டத்துக்கு ரிவெட் தலைகள் வந்திருந்தால் மாற்றியது நியாயம்.

8. ஸ்லிப் ஆரம்பித்த வண்டியில் திண்டிவனம், விழுப்புரம் என்று வெளியூர் கிளம்பாதீர்கள். லைனிங் தீர்ந்ததும் ரிவெட் ஃப்ளைவீலை உரசத் தொடங்கும், செலவு எகிறிவிடும். வழியில் நின்றால் இழுவை வண்டிக்கு வேறு கொடுக்க வேண்டும். 15 ஆண்டு முடியப்போகும் கார் என்றால், பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். புதுப்பித்தால் இன்னும் 5 ஆண்டு ஓட்டலாம். அப்போது நல்ல செட்டாகவே போடுங்கள்.

9. பைக்கில் கிளட்ச் ஸ்லிப் ஆனால் கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். காருக்கான ஆயிலை ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கலாம். டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

10. புது பிளேட் போட்ட பின் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். சிக்னலில் நியூட்ரலுக்கு வாருங்கள். கியர் மாற்றாதபோது காலை பெடலில் வைக்காதீர்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். முன்னால் நிற்கும் பஸ் நகர்ந்ததும் அதை விடுவித்தால் போதும்.